இறால் தின்றும் ஆறிய புண்

தாதியர் கல்லூரியில் எங்களுக்கு ஊசி போடப் பழக்குவதற்கு முன்னமே மனிதன் என்றால் யாரென்று கற்பித்துவிட்டார்கள். கரும்பலகையில் நான்கு வட்டம் போட்டு, மனிதன், சூழல், சுகம், தாதியம் என்று ஒவ்வொன்றுக்குள்ளும் எழுதி, அம்புக்குறிகளால் அவற்றைக் கட்டிப்போடுவார் எங்கள் ஆசிரியை. மெடம் என்று கூப்பிடுவோம். சூழல் வட்டத்துக்குப் பக்கத்தில் காற்று, வெளிச்சம், அமைதி என்று அவர் எழுதிக்கொண்டிருந்த காலை வவுணதீவுப் பக்கம் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் வெண்கட்டி பலகையில் ஒரு துள்ளுத் துள்ளும். அமைதி என்ற சொல்லைப் பலதரம் அழித்து எழுதினார். நாங்களும் அழித்து எழுதிக்கொண்டோம். பரீட்சைக்கு வருமல்லவா.

சும்மா சொல்லக்கூடாது, மெடம் நல்ல மனுஷி. நோயாளியை ‘அந்த மூலைக் கட்டில்’, ‘அந்தக் கால் புண்’ என்று சொன்னால் அவருக்குப் பொறுக்காது. நோய் வேறு, நோயோடு ஒருவர் வாழ்கிற வாழ்க்கை வேறு, அந்த வாழ்க்கையை அவர் வாயாலேயே கேட்டறியாத தாதி வெறும் மருந்துக்காரி என்பார். அதற்கு ‘வாழ்ந்த அனுபவம்’ என்று பெயர். கேட்டறிந்த பிறகு தாதியும் நோயாளியும் ஒன்றாக இருந்து ஓர் இலக்கைத் தீர்மானிக்க வேண்டும். இலக்கு இருவருக்கும் ஒன்றாயிருந்தால் சுகம் தானாக வந்து சேரும். பலகையில் அம்புக்குறி அப்படித்தான் போயிற்று.

எனக்கு அப்போதே வாய் நீளம். கல்லடியிலிருந்து சைக்கிள் மிதித்து, பாலத்தடி ஆமிச் சென்றியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறி, வேர்த்துக்கொட்ட வகுப்புக்கு வந்து உட்காருகிறவளுக்குத் தத்துவம் கேட்கப் பொறுமை எங்கிருந்து வரும்? “அனுபவமெண்டாலே வாழ்ந்ததுதானே மெடம். வாழாத அனுபவம் எங்க விக்குது?” என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. மெடமும் சிரித்தார்.

“வாய்க்காரி! நீதான் முதல்ல வாட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வாறாய்” என்றார். அப்படித்தான் அந்த அம்மா எனக்கு வாய்த்தார்.

பெண்கள் சத்திரசிகிச்சை வாட்டின் மூலைக் கட்டில் அவருடையது. ஊர் படுவான்கரை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடப்பது படுவான்கரை, கிழக்கே நாங்கள் இருப்பது எழுவான்கரை. சூரியன் படுவதையும் எழுவதையும் பார்த்து வைத்த அழகான பெயர்கள். அந்த வருசங்களில் இரண்டு கரைக்கும் இரண்டு ராச்சியம். அங்கே இயக்கத்துப் பொடியன்மார், இங்கே ஆமி. இந்தக் கரைக்கு வர அங்கே ஒரு பாஸ் எடுக்க வேண்டும், வந்தால் இங்கே சென்றியில் பதில் சொல்ல வேண்டும். அந்த அம்மா வயல் வட்டையில் வரம்பு கட்டும்போது மண்வெட்டி பாதத்தைக் கொத்திவிட்டது. சீனி வருத்தம் உள்ள உடம்பு. கொத்து புண்ணாகி, புண் குழியாகி, கடைசியில் ஒரு மாட்டு வண்டியிலும் பிறகு ஒரு உழவு இயந்திரத்திலுமாக வந்து சேர்ந்திருந்தார்.

நான் படித்தபடியே செய்தேன். கதிரையை இழுத்துப் போட்டு, கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, முகத்தை மலர்த்தி, பேனையைத் திறந்து, “அம்மா, உங்களப் பத்திச் சொல்லுங்க. எந்த ஊர், வீட்ட ஆர் ஆர் இரிக்காங்க, இது எப்பிடி நடந்தது?” என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பேனையைப் பார்த்தார். தலையணைக்குக் கீழே கையை விட்டு அடையாள அட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்ட அதே மூன்று கேள்வியைத்தான் பாலத்தடியிலும் கேட்கிறார்கள். மலர்ந்த முகம் மட்டும் வித்தியாசம், சில நாளில் அதுவும் அங்கே கிடைக்கும். வாட் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். மாடு முட்டாத ஆளே அந்த வாட்டில் இல்லை. துவக்குச் சூடு பட்ட தோளையும் மாடுதான் முட்டியிருந்தது. ஷெல் துண்டு ஏறிய தொடையும் மரத்தால் விழுந்த தொடைதான். எங்கள் மாவட்டத்து மாடுகள் அவ்வளவு மூர்க்கமானவை என்று அதுவரை எனக்குத் தெரியாது. வாழ்ந்த அனுபவத்தை வகுப்பில் கொண்டுபோய் வாசித்தபோது மெடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பேனையை வைச்சிட்டுப் போ” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பேனையை வைத்துவிட்டுப் போனேன். காலையில் மருந்து கட்டும்போது கைக்கு வேலை இருக்கும், வாய் சும்மா இருக்கும். அப்போதுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார். திறந்தால், அடேயப்பா, மூட ஏலாது. வெள்ளாமை வெட்டு, புருசனுடைய சோம்பல், யானை வந்து வாழையைத் துவைத்தது, ஒவ்வொன்றாய் வரும். நான் புண்ணைக் கழுவுகிறபோது நோகும். நோகிற நேரமெல்லாம் என்னைப் பகிடி பண்ணுவார்.

“மிஸி, உனக்கு மாப்பிள்ள பாத்தாச்சா?”

“இல்ல அம்மா.”

“பாக்காதகா. இந்தக் கையால ஒரு ஆம்பிளையைத் தடவினா, அவன் அண்டைக்கே சந்நியாசம் போயிருவான்.”

பக்கத்துக் கட்டில் காத்தான்குடி ராத்தாவுக்குச் சிரித்துச் சிரித்து வயிற்றுத் தையல் நோகும். “அல்லாவே, அந்த மனிசிய கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்க மிஸி” என்று கெஞ்சுவார்.

கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுப்பது அந்த அம்மாவின் மகள். பதினைந்து, பதினாறு இருக்கும். நடக்க ஏலாத நோயாளிக்கு மட்டும் துணைக்கு ஒரு பெண் நிற்கலாம் என்பது எங்கள் வாட் சிஸ்டருடைய சட்டம். அந்தப் பிள்ளை தாயைக் கழுவி, துடைத்து, மற்றக் கட்டில்காரருக்கும் தண்ணீர் அள்ளிக் கொடுத்து, மத்தியானத்தில் ராத்தாவின் தலைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆஸ்பத்திரி முழுக்கச் சந்தோசமாக இருந்த ஒரே ஆள் அவள்தான். காலையில் நான் வரும்போது ஈர்க்குக் கட்டால் கூட்டுகிற சத்தத்துக்கும் எழும்பாமல், வாயைத் திறந்துகொண்டு அடித்துப் போட்டதுபோல் நித்திரை கொள்வாள். “இந்தப் புள்ளைக்கு என்ன இவ்வளவு நித்திரை?” என்று கேட்டேன். “ஊரில கொள்ளாத நித்திரை மனே, இஞ்ச கொள்ளுறாள்” என்றார் தாய். வயல் வேலையின் களைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி இலக்கு தீர்மானிக்க வேண்டும். “அம்மா, நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு முடிவெடுப்பம். உங்களுக்கு என்ன நடக்கணும்?” என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, “இஞ்ச கொஞ்ச நாள் கிடக்கணும்” என்றார். நான் சிரித்தேன். “அது சரி, புண் ஆறணுமே?” என்றேன். “அது ஆறுற நேரம் ஆறட்டும், அதுக்கென்ன அவசரம்” என்றார். இப்படிப் பொறுமையான நோயாளி யாருக்குக் கிடைப்பார்? புண் ஆறுவதே எங்கள் இருவருடைய இலக்கு என்று மெடத்திடம் சொன்னேன். மெடம் தலையாட்டினார்.

அடுத்தது சுகாதாரப் போதனை. புண் ஆறப் புரதம் வேண்டும், மீன், முட்டை, இறால் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன்.

“றாலா?” அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “றால் கிரந்திச் சாமான் தானே மிஸி. றால் திண்டாப் புண் சீழ் வைக்கும். ஆறவே ஆறாதே.”

எங்கள் பகுதியில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இறால், கத்தரிக்காய், கருவாடு எல்லாம் கிரந்தி. புண்காரர் கிட்டவும் போகக்கூடாது. என் தாயே அப்படித்தான் சொல்லி வளர்த்தார். ஆனால் நான் இப்போது படித்தவள் அல்லவா. அரைமணி நேரம் நின்று புரதத்தின் மகிமையைப் பாடினேன். மூடநம்பிக்கையை விரட்டினேன். அவர் ஒரு சொல்லும் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் முகம் முழுக்க வெளிச்சமாய், “மிஸி சொன்னாச் சரிதான். நான் திங்கிறன்” என்றார். இவ்வளவு சுறுக்காக மனம் மாறுகிற நோயாளியை மெடமே கண்டிருக்க மாட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சொன்னபடியே தின்றார். ராத்தாவின் புருசன் வாவியில் பிடித்த இறாலை ஆக்கிக் கொண்டுவந்து கொடுக்கும் போதெல்லாம் ஒரு கிண்ணம் மூலைக் கட்டிலுக்கும் வரும். கத்தரிக்காய்ப் பால் கறி, கருவாட்டுக் குழம்பு, ஒன்றையும் விடவில்லை. மற்ற நோயாளிகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள். “மிஸிதான் சொன்னா” என்று அவர்களுக்கும் போதனை செய்தார் அந்த அம்மா.

என்ன நடந்திருக்கும்? புண் ஆறிற்று. சும்மா அல்ல, ஜோராக ஆறிற்று. குழிக்குள் சிவந்த தசை முளைத்து மேலே வந்தது, ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாய் மூடிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு காலையும் கட்டை அவிழ்த்து நான் மகிழ்ந்துபோவேன். அந்த அம்மா தலையை நீட்டிப் பார்ப்பார், முகம் கறுக்கும்.

“இதென்ன மனே இது? இவ்வளவு றால் திண்டும் ஆறுதே!”

என் போதனையை மெச்சுகிறார் என்று நினைத்தேன்.

பெரிய டொக்டர் வந்து பார்த்தார். “நல்லா வந்திருக்கு. இன்னும் கொஞ்ச நாளில துண்டு வெட்டலாம்” என்றார். துண்டு வெட்டுவது என்றால் வீட்டுக்கு அனுப்புவது. அந்தச் சொல்லைக் கேட்டால் மற்ற நோயாளிகள் டொக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்த அம்மாவும் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு, “டொக்டர், இன்னும் நோகுது, இன்னும் நடக்க ஏலாது, இன்னும் கொஞ்சம் வைச்சிரிங்க” என்றார். பயம் இருக்கும், வீட்டுக்குப் போகிற பயம் புத்தகத்திலும் இருந்தது. அதற்கும் ஒரு போதனை இருந்தது. அதையும் செய்தேன்.

அடுத்த காலை கட்டு நனைந்து கிடந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டதாம். அதற்கடுத்த காலையும் நனைந்திருந்தது, சேறும் இருந்தது. புண்ணின் ஓரம் வெளுத்து, ஒரு மணம் வந்தது. எனக்குக் கோபம் சுறுக்காக வரும். தாயை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று மகளைப் பிடித்து ஏசினேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாரி மழை விடாமல் ஊற்றிய ஒரு பின்நேரம், துணி காய்கிறதா என்று பார்க்க வாட்டின் பின்பக்கம் போனேன். சமையல்கட்டுத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். கட்டுப் போட்ட கால் கணுக்கால் வரைக்கும் கறுத்த தண்ணீருக்குள். நடக்க ஏலாத கால்! சுவரில் ஒரு கையை ஊன்றி, யாரையோ காத்திருக்கிறவர்போல் அமைதியாக நின்றார்.

“உங்களுக்கென்ன விசரா அம்மா? நான் இஞ்ச முதுகு முறிய மருந்து கட்டுறன், நீங்க கானுக்குள்ள கொண்டுபோய் விடுறீங்களே! கால் வேணுமா வேணாமா?” என்று நான் கத்திய கத்தில் சமையல்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துப் பின்படியில் இருத்தினார். தானும் இருந்தார். சமையல்காரர் உள்ளே போகும்வரை மழையைப் பார்த்தார்.

“ஏசாத மனே. என்ட பொடிச்சிய அவங்க கேட்டிட்டாங்க.”

எனக்கு விளங்கியது. அந்தக் கரையில் பொடியன்மார் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெரியாத யார் இருந்தார்கள்? தெரியும் என்று வாயால் சொன்னவர் யார் இருந்தார்கள்?

“தம்பிமார் ரெண்டு பேரும் சின்னன். இவள்தான் கணக்கு. இரவில வீட்ட படுக்க விடமாட்டன். ஒரு நாள் வட்டைக்குள்ள, ஒரு நாள் கோயிலுக்குப் பின்னால. அந்தப் புள்ள நித்திரை கொண்டு எவ்வளவு காலம் தெரியுமா? எனக்குக் கால் இப்பிடியாகி, துணைக்கு ஆள் வேணுமெண்டு கெஞ்சித்தான் இவளுக்கும் பாஸ் தந்தாங்க. அவட அப்பன் பொறுப்பு நிக்கிறான். நான் ஊருக்குக் கிறுகிப் போகக்குள்ள இவளும் வரணும். வராட்டி அந்த மனிசனைத்தான் கேப்பாங்க.” முழங்காலைத் தடவிக்கொண்டார். “புண் கிடக்குமட்டும் புள்ள கிடப்பாள். அதுதான் மனே. நீ மருந்து கட்டு, கட்டாத எண்டு நான் சொல்லல்ல. ஆனா கொஞ்சம் ஆறாம வைக்க ஏலாதா?”

நான் குனிந்து அவருடைய காலில் ஒட்டியிருந்த சேற்றை வழித்தேன்.

“நீதானே சொன்னாய், ரெண்டு பேரும் சேந்து முடிவெடுப்பம் எண்டு?”

நான்கு வட்டமும் அம்புக்குறியும் என் கண் முன்னால் வந்தன. ஏலாது அம்மா, புண் பழுதாகினால் காலே போய்விடும், உயிரும் போகலாம் என்றேன். அதைத் தவிர எனக்கு வேறு எதையும் படிப்பித்திருக்கவில்லை. அவரைத் தாங்கிக் கொண்டுபோய்க் கட்டிலில் விட்டு, காலைக் கழுவிப் புதிதாய்க் கட்டினேன். மகள் குனிந்து எனக்கு விளக்குப் பிடித்தாள்.

வாட் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். முழுதாகச் சொல்லவில்லை, சொல்லக்கூடியதைச் சொன்னேன். “இது ஆஸ்பத்திரி பிள்ளை, மடமில்ல. கட்டிலுக்குக் கீழயும் நோயாளி கிடக்கு” என்று சீறினார். ஆனால் துண்டு வெட்டுகிற நாள் வந்தபோது, சீனி இன்னும் இறங்கவில்லை என்று டொக்டரிடம் சொன்னதும் அவர்தான். அடுத்த முறை காய்ச்சல் காய்ந்தது என்றார். அந்த முறை காய்ச்சல் உண்மையாகவே காய்ந்தது.

கானுக்குள் நின்றது வேலை செய்துவிட்டது. இறாலால் ஏலாததைச் சேறு செய்தது. கால் வீங்கி, விரல்கள் கறுத்து, கறுப்பு மேலே ஏறத் தொடங்கியது. எத்தனை மருந்து ஏற்றியும் நிற்கவில்லை. பெரிய டொக்டர் கட்டிலோரத்தில் நின்று, பொறுமையாக, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் உயிருக்கு ஆபத்து என்றார்.

“எடுத்தா எவ்வளவு நாள் வைச்சிரிப்பீங்க டொக்டர்?”

அவருக்கு விளங்கவில்லை என்று டொக்டர் நினைத்தார். “அம்மா, காலை வெட்டி எடுக்கப் போறம். விளங்குதா?”

“விளங்குது டொக்டர். எவ்வளவு நாள் இஞ்ச இரிக்கலாம்?”

“வெட்டின இடம் ஆற வேணும், பொல்லுப் பிடிச்சு நடக்கப் பழக வேணும். ரெண்டு மூண்டு மாசம் போகும்.”

அந்த அம்மா மகளைப் பார்த்தார். “அப்ப காணும், அவ்வளவு நாள் காணும்” என்றார்.

நான் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுகையை விடக் கோபம்தான் பெரிதாக வந்தது. யாரோடு கோபிப்பது? அந்தக் கரையோடு கோபித்தால் இந்தக் கரைக்காரி ஆவேன். இந்தக் கரையோடு கோபித்தால் அந்தக் கரைக்காரி ஆவேன். ஒரு தலையணை உறையைப் பிடித்து உதறு உதறென்று உதறி, மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

கால் எடுத்த பிறகு நினைவு திரும்பியதும் அவர் முதலில் கையை நீட்டித் தேடியது காலை அல்ல, கட்டிலுக்குக் கீழே மகளுடைய தலையை. பிறகு என்னைக் கண்டு, “காலைக் குடுக்க நினைக்கல்ல மனே. புண்ணை மட்டும்தான் கொஞ்சம் வைச்சிரிக்க நினைச்சன்” என்றார். அன்று பகிடி ஒன்றும் வரவில்லை.

இப்போது மெடத்துக்கு வருவோம். ஒவ்வொருவரும் தங்கள் நோயாளியின் வாழ்ந்த அனுபவத்தை வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். நான் எல்லாவற்றையும் சொல்வதென்றே போனேன். கிரந்தி, இறால், கான் என்று தொடங்கி, “அவ ஏன் அப்பிடிச் செஞ்சா எண்டா” என்ற இடத்துக்கு வந்தபோது மெடம் எழும்பினார். போய் ஜன்னலைச் சாத்தினார். காற்று, வெளிச்சம் எல்லாம் வெளியே போயிற்று.

“நீ நோயாளியின்ட நோய் அனுபவத்தைச் சொல்லு. வீட்டுக் கதை வேண்டாம்” என்றார்.

“முழு மனிசரையும் பாக்கச் சொன்னீங்களே மெடம்?”

“பாக்கத்தான் சொன்னன். எழும்பி நிண்டு சொல்லச் சொல்லல்ல.” குரல் இறங்கிவிட்டது. மெடத்தின் வீட்டிலும் ஒரு வளர்ந்த மகன் இருந்தான். அவனை இந்தக் கரைச் சென்றியில் எத்தனை தரம் இறக்கி வைத்திருந்தார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரும் பாவம். மூக்குக்கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார்.

“அறிவுக் குறைபாடு காரணமாக நோயாளி புண்ணைப் பராமரிக்கவில்லை. மேலதிகப் போதனை தேவை. அப்பிடிச் சொல்லிப்போட்டு இரி” என்றார். அப்படியே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நல்ல புள்ளிதான் கிடைத்தது.

பொல்லுகளில் தொங்கி நடக்கப் பழகியதும் அந்த அம்மாவுக்குத் துண்டு வெட்டினார்கள். இந்த முறை ஒன்றும் கெஞ்சவில்லை. மகள் ஒரு பக்கம் தாங்க, பாயும் பையுமாகப் புறப்பட்டார்கள். வாட்டே வாசலுக்கு வந்தது. “போயிற்று வாறன் மிஸி” என்றார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. சொல்லி என்ன செய்வது? வாவியைத் தாண்டியதும் என்ன நடக்கும் என்று நினைத்து எத்தனையோ நாள் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

அடுத்த மாரியும் போய், நானும் படித்து முடித்துத் தாதியாகிவிட்டேன். செயற்கைக் கால் பொருத்துகிற பகுதிக்கு என்னை மாற்றியிருந்தார்கள். ஒரு காலை வெளியே வாங்கில் ஒரு குரல்.

“என்னகா மிஸி, இன்னும் மாப்பிள்ள கிடைக்கல்லியா?”

ஓடினேன். அந்த அம்மா. பக்கத்தில் மகள், உயரமாய், முழுசாய். பிள்ளையின் கையைப் பிடித்து மேலும் கீழும் பார்த்தேன். பார்த்து முடித்து, “வந்தாங்களா?” என்றேன், மெல்ல.

“வராம? நாங்க வீட்ட போய் ஒரு கிழமைக்குள்ளயே வந்தாங்க. வீட்டுக்கு ஒரு ஆள் எண்டாங்க. நான் பொல்லை எறிஞ்சு போட்டு முற்றத்தில குண்டியால அரைஞ்சு அரைஞ்சு போனன். சீலைய இழுத்துக் காட்டினன். எங்கட வீட்டுப் பங்கு குடுத்தாச்சு, எழுவான்கரையில கிடக்கு, போய் எடுங்க எண்டன். இவள் போனா என்னைக் கக்கூசுக்குத் தூக்கிறது ஆர்? உங்களில ஒரு ஆள் நில்லுங்க, என்னைத் தூக்கிறதுக்கு, நான் இவளை அனுப்புறன் எண்டன்.” வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். “நிக்கேலுமா எண்டு ஒருத்தன்ட மூஞ்சை ஒருத்தன் பாத்தானுகள். போயிட்டானுகள்.”

“திரும்பி?”

“ரெண்டு மூண்டு தரம் வந்து எட்டிப் பாத்தானுகள். நான் முற்றத்திலதான் கிடப்பன், அவனுகள் கண்ணில படுற மாதிரி. பாத்திட்டுப் போவானுகள்.”

உள்ளே கூட்டிப்போய்க் காலைப் பொருத்தினோம். சரியான அளவு. இரண்டு கம்பிக்கு நடுவில் பிடித்து நடந்தார், பிறகு கம்பியை விட்டு நடந்தார், பிறகு கதவுவரை போய்த் திரும்பி வந்தார். வட்டையில் வரம்பு மேலே நடந்து பழகிய உடம்பு, விழவில்லை. அங்கிருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அவர் கண்ணும் கலங்கியது. நின்று காலைக் குனிந்து பார்த்தார், ஒரு தரம் தட்டிப் பார்த்தார். “நல்ல கால்” என்றார். பிறகு வாங்கில் இருந்து அதைக் கழற்றி, கொண்டுவந்த உரச் சாக்குக்குள் போட்டு, பொல்லுகளை எடுத்தார்.

“போட்டுக்கொண்டு போங்க அம்மா” என்று எல்லாரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

பயிற்சிக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி, வெள்ளைச் சீருடை மடிப்புக் கலையாதவள், கதிரையை இழுத்துப் போட்டு அவர் முன்னால் கண்மட்டத்துக்கு உட்கார்ந்தாள். முகத்தை மலர்த்தினாள்.

“அம்மா, இந்தக் காலைப் போட்டா என்னென்ன நன்மையெண்டு நான் விளங்கப்படுத்தட்டா?”

அந்த அம்மா என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். “விளங்கப்படுத்து மனே. எனக்கு ஒண்டும் தெரியா” என்றார். அவள் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டார். முழுதும் கேட்டார்.

பஸ்ஸடிவரை நானும் போனேன். சாக்கு மகளுடைய தோளில். பாதம் மட்டும் சாக்கின் வாயால் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது.

“சென்றியில சாக்கைத் திறக்கச் சொல்லுவாங்களே அம்மா. என்ன சொல்லுவீங்க?”

“கால் எண்டு சொல்லுவன்.”

“ஆர்ர கால் எண்டு கேட்டா?”

“இவட எண்டு சொல்லுவன்” என்று மகளைக் காட்டினார்.

பஸ் வந்தது. மகள் முதலில் சாக்கை ஏற்றினாள், பிறகு தாயை ஏற்றினாள்.